பலகை இல்லாத பாகுபாடு

2017 செப்டம்பரில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவாரில் ஒரு டோபி கடை நாடு முழுவதும் செய்தியானது. காசு போட்டு நாமே துணி துவைத்துக்கொள்ளும் கடை அது. முஸ்லிம் வாடிக்கையாளர்கள் மட்டுமே வரலாம் என்று பலகை வைத்திருந்தார்கள். படம் பரவியதும் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் கண்டித்தார். ஜொகூர் எல்லா இனத்தாருக்கும் எல்லாச் சமயத்தாருக்கும் உரிய மாநிலம், இது தாலிபான் நாடு இல்லை என்றார். வழக்கத்தை நிறுத்தாவிட்டால் கடையை மூடத் தயங்கமாட்டேன் என்றும் எச்சரித்தார். கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். பலகை இறங்கியது.

அன்று நம்மில் பலருக்கு மனம் குளிர்ந்தது. எனக்கும்தான். அந்தச் செய்தியை இன்று திரும்ப எடுத்துப் படித்தால் இரண்டு விஷயங்கள் உறுத்துகின்றன. சிக்கலைத் தீர்த்தது ஒரு மன்னரின் சொல். எந்தச் சட்டப் பிரிவும் அங்கே வேலை செய்யவில்லை. அடுத்தது, பலகை இருந்ததால்தான் யாரோ ஒருவர் அதைப் படம் எடுக்க முடிந்தது. 2025இல் சிப்பாங் வட்டாரத்தில் சோளம் விற்ற ஒருவர், இந்தியர்களுக்கு விற்பனை இல்லை என்று நம்மை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லாலேயே எழுதி வைத்தபோதும் இப்படித்தான் நடந்தது. எழுத்து இருந்தது, படம் பரவியது, மன்னிப்பு வந்தது.

எழுத்தே இல்லாமல் நடப்பதை என்ன செய்வது? விலை உயர்ந்த பொருள்கள் விற்கும் கடைக்குள் போகும் பல தமிழர்கள் கேட்கும் கேள்வி இது.

2011 டிசம்பரில் கூலாயில் ஜொகூர் பிரிமியம் அவுட்லெட்ஸ் என்ற பேரங்காடி திறக்கப்பட்டது. கெந்திங் குழுமமும் அமெரிக்காவின் சைமன் நிறுவனமும் சேர்ந்து கட்டிய அது, தென்கிழக்காசியாவில் அந்த வகையில் முதலாவது. தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய, செம்பனைக் குலை சுமந்த வட்டாரத்தில் இன்று பேரனும் பேத்தியும் பெயர்பெற்ற கைப்பைகளையும் காலணிகளையும் வாங்க நடக்கிறார்கள். ஜொகூர் பாருவின் புதிய பேரங்காடிகளிலும் அப்படித்தான். பாலம் கடந்து போய் சிங்கப்பூர் வெள்ளியில் சம்பளம் வாங்குவோர் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். கையில் காசு வந்துவிட்டது. நம்மைப் பார்க்கும் கண் மாறியிருக்கிறதா என்பது வேறு விஷயம். இங்கே நான் எந்தக் கடையின் மீதும் குற்றம் சாட்டவில்லை. பல நாடுகளில் பதிவாகியிருக்கும் ஒரு பழக்கத்தை, அது எந்த வடிவத்தில் வரும் என்பதைச் சொல்லப் போகிறேன்.

அது இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று சந்தேகம். உங்களுக்கு முன்னால் நுழைந்தவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கிறது. உங்களுக்குப் பின்னால் ஒரு ஜாகா, அதாவது கடைக் காவலர், வருகிறார். நீங்கள் நின்றால் அவரும் நிற்கிறார். வெளியே போகும்போது உங்கள் பையை மட்டும் திறந்து காட்டச் சொல்கிறார்கள். வங்கி அட்டையை நீட்டினால் உங்களிடம் மட்டும் ஐ.சி. என்னும் அடையாள அட்டையைக் கேட்கிறார்கள். மற்றொன்று அலட்சியம். நீங்கள் கேட்பதற்கு முன்பே விலையைச் சொல்லிவிடுவார்கள், அல்லது நீங்கள் பார்த்ததை விட்டுவிட்டு விலை குறைந்ததைக் காட்டுவார்கள். ஒன்று உங்களைத் திருடனாக நினைக்கிறது, மற்றது ஏழையாக நினைக்கிறது. ஆடம்பரக் கடைகளில் இரண்டாவதுதான் அதிகம் வலிக்கும், ஏனென்றால் அதைப் புகாராகச் சொல்லக்கூட வார்த்தை கிடைக்காது. 2013இல் ஓப்ரா வின்ஃப்ரே, சூரிக் நகரக் கடை ஒன்றில் தாம் கேட்ட கைப்பையைக் காட்டாமல் அது உங்களுக்கு விலை அதிகம் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். விற்பனைப் பெண் அதை மறுத்தார். உலகின் பெரும் செல்வந்தப் பெண்களில் ஒருவருக்கே அவர் சொல்லுக்கு எதிராக இன்னொரு சொல்தான் மிஞ்சியது.

நம் ஊரில் இதில் இனம் மட்டும் கலந்திருக்கவில்லை. தோலின் நிறம், காலில் இருக்கும் சிலிப்பர், பேசும் மலாயின் தொனி எல்லாம் சேர்ந்துதான் அந்த முதல் பார்வை உருவாகிறது. கருத்த தமிழரை வெளிநாட்டுத் தொழிலாளி என்று நினைத்து நடத்துவதும் உண்டு. அந்தத் தொழிலாளிக்கும் அப்படி நடத்தப்பட வேண்டிய அவசியம் இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை நம்மவர் துணிக்கடைக்குள் நான்கு வங்காளதேசத் தொழிலாளிகள் நுழைந்தால் நம் கண்கள் எங்கே போகின்றன? வாசலில் நிற்கும் ஜாகா நேப்பாளியாக இருக்கலாம், தமிழராகவே இருக்கலாம். யாரைப் பின்தொடர வேண்டும் என்பதை அவர் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மற்றவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறார்.

கடைக்காரர்கள் ஒரு பதில் வைத்திருப்பார்கள்: பிடிபடுகிறவர்கள் அந்த இனத்தார்தானே? இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். ஒரு கடைக்கு 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 100 பேர் இந்தியர் என்று வைத்துக்கொள்வோம். எந்த இனமானாலும் நூற்றுக்கு ஒருவர் திருடுகிறார். அப்படியானால் மொத்தம் 10 திருட்டு, அதில் ஒன்பதைச் செய்தது மற்றவர்கள். காவலர் அந்த 100 பேரை மட்டுமே பின்தொடர்ந்தால் ஒருவரைப் பிடிப்பார். ஒன்பது பேர் பொருளோடு வெளியே போவார்கள். மாதக் கடைசியில் பதிவேட்டைப் பார்த்தால் பிடிபட்டவர் எல்லாருமே இந்தியர். அடுத்த மாதம் அந்தப் பதிவேட்டையே ஆதாரமாகக் காட்டி இன்னும் நெருக்கமாகப் பின்தொடர்வார்கள். தேடிய இடத்தில் மட்டும் கிடைத்ததை வைத்து, மற்ற இடத்தில் இல்லை என்று முடிவு கட்டும் தவறு இது. கடைக்கும் இதனால் நட்டமே. முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கையைப் பார்க்கும் காவலர்தான் அந்த ஒன்பது பேரையும் பிடிப்பார்.

இனி சட்டத்துக்கு வருவோம். மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம், பாலினம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துக் குடிமக்களைப் பாகுபடுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. படிக்கும்போது நம் கடைப் பிரச்சினைக்கே எழுதியதுபோல இருக்கும். ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசையும் அரசு அமைப்புகளையும்தான். மலேசிய விமான நிறுவனத்தில் கர்ப்பம் காரணமாக வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண் தொடுத்த பியட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில், அரசியலமைப்பு உரிமை தனி ஆளுக்கும் அரசுக்கும் இடையிலானது, தனியாருக்கு இடையிலான தகராறுக்கு அது வராது என்று 2005இல் கூட்டரசு நீதிமன்றம் நிலைநிறுத்தியது. கடை தனியாருடையது. கண்ணாடிக்குப் பின்னால் பொருளை அடுக்கி வைத்தாலேயே உங்களுக்கு விற்றாக வேண்டும் என்ற கடமையும் ஒப்பந்தச் சட்டப்படி கடைக்காரருக்கு இல்லை.

இங்கேதான் இந்திய அரசியலமைப்பை எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் 15ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகனையும் கடைகளுக்குள்ளும் உணவகங்களுக்குள்ளும் விடுதிகளுக்குள்ளும் போகவிடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. ‘கடைகள்’ என்ற சொல் அங்கே அச்சில் இருக்கிறது. சாதியைச் சொல்லித் தெருவிலேயே நிறுத்தப்பட்ட மக்களின் அனுபவம் அந்தச் சொல்லை அங்கே கொண்டுவந்து வைத்தது. அதனால் அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலையில் பெங்களூரு பேரங்காடி ஒன்றில் வேட்டி கட்டிய முதிய விவசாயியை உள்ளே விடவில்லை. கர்நாடக அரசு அந்தப் பேரங்காடியை 7 நாள் மூட உத்தரவிட்டது. 2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை ஒரு கிளப் திருப்பி அனுப்பியபோது, தமிழ்நாடு சட்டமன்றம் அதே ஆண்டில் வேட்டிக்குத் தடை போடுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. அவமானம் நடந்தது, அதைச் சட்டமாக மாற்றினார்கள். பிரிட்டனும் 1968இலேயே பொருள் விற்பதிலும் சேவை தருவதிலும் இனப் பாகுபாடு கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது.

மலேசியாவில் அப்படி ஒரு சட்டம் வருவதற்கான வாசல் 2018இல் திறந்து உடனே மூடியது. இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்கப்போவதாகச் செய்தி வந்தது. எதிர்ப்புக் கிளம்பியது. நவம்பரில் அரசு பின்வாங்கியது. டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் அந்த உடன்படிக்கைக்கு எதிராகப் பெரும் பேரணியே நடந்தது. கடையில் நடக்கும் பாகுபாட்டைப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் நமக்கு இல்லாமல் போனதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு.

சட்டம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க்கைப் பார்க்கலாம். 2013இல் பார்னீஸ் கடையில் 19 வயதுக் கறுப்பின மாணவர் ஒருவர் 349 டாலருக்கு ஓர் இடுப்பு வார் வாங்கினார். பணம் கட்டி வெளியே வந்த பிறகு போலீசார் தம்மைப் பிடித்து, அட்டை யாருடையது என்று விசாரித்தார்கள் என்று வழக்குப் போட்டார். மாநிலத் தலைமை வழக்குரைஞர் அலுவலகம் விசாரணையில் இறங்கியது. 2014இல் பார்னீஸ் 525,000 டாலரும், இதே போன்ற புகார்களுக்காக மேசிஸ் என்ற மற்றொரு கடை 650,000 டாலரும் கட்டச் சம்மதித்தன. மேசிஸ் 2005லும் ஒருமுறை 600,000 டாலர் கட்டியிருந்தது. ஒருமுறை கட்டியும் பழக்கம் போகவில்லை என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். ஆனால் அங்கே கேள்வி கேட்க ஓர் அலுவலகம் இருந்தது.

நமக்கு நேரான சட்டம் இல்லாவிட்டாலும் பிடித்துக்கொள்ளச் சில கைப்பிடிகள் உண்டு. பார்வையைத் தண்டிக்க முடியாது. பார்வை செயலாக மாறும் இடத்தில் சட்டம் வருகிறது.

முதலில், ஜாகா போலீஸ்காரர் இல்லை. உங்கள் சம்மதம் இல்லாமல் பையையோ உடலையோ சோதிக்க அவருக்கு அதிகாரம் கிடையாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 27ஆவது பிரிவு தனி ஆள் இன்னொருவரைப் பிடிக்க அனுமதிக்கிறது. ஆனால் கடுமையான குற்றம் தன் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும், பிடித்தவரைத் தாமதம் இல்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். பின்பக்க அறையில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் கேள்வி கேட்பது அதில் சேராது. காரணம் இல்லாமல் அடைத்து வைத்தால் தண்டனைச் சட்டத்தின் 342ஆவது பிரிவு குறுக்கே வரும். “நான் போகலாமா, அல்லது என்னைப் பிடித்து வைத்திருக்கிறீர்களா?” என்று அமைதியாக, மலாயில், மற்றவர்கள் காதில் விழும்படி கேளுங்கள். பிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் போலீசைக் கூப்பிடச் சொல்லுங்கள். கோபத்தில் கையைத் தட்டிவிட்டால் அடுத்த வழக்கு உங்கள் மீது வரும்.

மற்றவர்கள் கேட்க உங்களைத் திருடன் என்று சொன்னால் அது அவதூறு. வாய்மொழி அவதூறு வழக்கில் பொதுவாக உங்களுக்குப் பண நட்டம் ஏற்பட்டதைக் காட்ட வேண்டும். சிறைத்தண்டனைக்குரிய குற்றத்தைச் சுமத்தினால் அது தேவையில்லை. இதே சட்டம் உங்கள் பக்கமும் திரும்பும். ஊழியரின் முகத்தைப் படம் பிடித்து இனவெறி என்று டிக்டாக்கில் போட்டு, அதை நிரூபிக்க முடியாமல் போனால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டிவரும்.

பலர் கவனிக்காத கைப்பிடி ஒன்று உண்டு: வணிக உரிமம். 1976ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 107ஆவது பிரிவுப்படி, நகராட்சி தரும் உரிமத்துக்கு நிபந்தனை விதிக்கலாம், காரணம் சொல்லாமலே திரும்பப் பெறவும் செய்யலாம். கூலாய் என்றால் கூலாய் நகராண்மைக் கழகம், ஜொகூர் பாரு என்றால் மாநகர் மன்றம். ஒரே கடையைப் பற்றிப் பத்துக் கடிதம் போனால் அதிகாரி கோப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். மனித உரிமை ஆணையமான சுஹாகாமிலும் முறையிடலாம். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை, ஆனால் புகார் பதிவாகும். வெளிநாட்டு நிறுவனத்தின் கிளையாக இருந்தால் தலைமையகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். கிளை மேலாளர் தூக்கிப் போட்டதை அங்கே யாரேனும் படிக்கக்கூடும்.

எதற்கும் ஆதாரம் வேண்டும், அது கடையின் கேமராவில்தான் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றிய தரவைப் பார்க்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு; எழுத்தில் கேட்டால் 21 நாளுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும். தேதி, நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், போட்டிருந்த உடை, எந்த வாசல் என்பதையெல்லாம் எழுதி, அந்தப் பதிவை அழிக்க வேண்டாம் என்றும் கேளுங்கள். கூட வந்தவர் பார்த்ததை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். இத்தகைய உரிமையியல் வழக்கைத் தொடுக்கத் தீபகற்ப மலேசியாவில் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் உண்டு. கேமரா தன் பதிவை அவ்வளவு நாள் வைத்திருக்காது; பழைய படத்தின் மேலேயே புதிய படம் பதிவாகிவிடும். அதனால் வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும், அன்று இரவே, அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பிவிடுங்கள்.