பையன்கள் ஏன் களைப்பதில்லை?

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டு வயதிலும் பத்து வயதிலுமாக அவருக்கு இரண்டு பையன்கள். மாலையில் பள்ளி வேனிலிருந்து இறங்கிப் புத்தகப் பையை ரேழியில் எறிந்த கணம் தொடங்கி, இராச் சாப்பாட்டுக்குத் தட்டின் முன் உட்காரும் வரையில், கட்டிலிலிருந்து குதிப்பதும், மாடிப்படியில் தடதடவென்று ஏறி இறங்குவதும், ஒருவன் கழுத்தை ஒருவன் பிடித்துக்கொண்டு தரையில் புரள்வதும், இவ்வளவுக்கும் ஈடாகக் கூச்சல் போடுவதுமாக வீட்டையே இரண்டாக்குகிறார்களாம். ஆபீசிலிருந்து திரும்பும் தகப்பனார் அவர்களோடு வாசலில் கிரிக்கெட் ஆட இறங்கிச் சற்று நேரத்துக்குள் மூச்சு வாங்கித் திண்ணையில் சாய்ந்துவிடுகிறார். பையன்களோ, "இன்னும் ஒரே ஒரு ஓவர் அப்பா" என்று அவர் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறார் மாமியார். ஆண்பிள்ளைகளுக்கு இந்த வயதில் ஹார்மோன் பொங்குகிறது என்கிறது கைபேசியில் வந்த காணொளி ஒன்று. எதற்கும் டாக்டரிடம் காட்டிவிடு என்கிறார் பக்கத்து வீட்டு அம்மாள். "இவற்றில் எது நிஜம்?" என்பது வாசகியின் கேள்வி.

சர்க்கரையை முதலில் விசாரித்துவிடலாம். இனிப்புத் தின்றால் பிள்ளைகளுக்குத் தலைகால் தெரியாது என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவியிருப்பதால், அதைச் சோதிக்கவும் பலர் முனைந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் மிகவும் ரசமானது. சர்க்கரை தின்றால் தம் பிள்ளைக்கு ஆட்டம் மிகுந்துவிடுகிறது என்று தாய்மார்களே உறுதியாகச் சொன்ன, ஐந்து முதல் ஏழு வயது வரையிலான 35 பையன்களைத் தேர்ந்துகொண்டு, அவர்கள் அனைவருக்கும் சர்க்கரையே கலவாத இனிப்புப் பானத்தைக் கொடுத்து, தாய்மார்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் "உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை நிறையக் கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அவ்வாறு சொல்லப்பட்ட தாய்மார்கள், தம் பிள்ளை அன்று அதிகமாகத் துள்ளியதாகத் தீர்ப்பளித்ததோடு, அவனை விட்டு விலகாமல் நின்று அவனைக் கண்டிக்கவும் தலைப்பட்டார்கள். பல்லுக்கும் உடம்புக்கும் கேடு என்பதற்காகச் சர்க்கரையைக் குறைப்பது நல்ல காரியமே. பையன் குதிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஹார்மோன் சங்கதிக்கு ஆதாரம் இதைவிட மெலிது. நாலு வயதில் டெஸ்டோஸ்டிரோன் பெருகுகிறது என்று 1990-களில் குழந்தை வளர்ப்பு நூல்களில் கிளம்பிய ஒரு வார்த்தை இன்றுவரை பத்திரிகை பத்திரிகையாகச் சுற்றி வருகிறது. இரத்தத்தை எடுத்து அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. ஆண்குழந்தை பிறந்த ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் அந்த ஹார்மோன் ஒரு முறை உயர்ந்து, ஆறாம் மாதத்துக்குள் தணிந்துவிடுகிறது; பிறகு பருவம் எய்தும் வரையில் அது மிகச் சொற்பமாகவே இருக்கிறது. நான்கிலும் பொங்குவதில்லை, எட்டிலும் பொங்குவதில்லை.

ஆக, பையன்கள் ஏன் இப்படி ஆடுகிறார்கள் என்பதைக் காட்டிலும், ஆடியும் ஏன் களைப்பதில்லை என்பதே விசாரிக்கத்தக்க கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கான விடை இரத்தத்தில் ஓடும் ஹார்மோனிலோ வயிற்றில் கரையும் சர்க்கரையிலோ இல்லாமல், தொடையிலும் ஆடுசதையிலும் உள்ள தசை நார்களின் வரவு செலவுக் கணக்கில் இருக்கிறது. சரீர சாஸ்திரத்தில் இவ்வளவு அழகான கணக்குகள் அதிகமில்லை.

தசைக்கு ஏ.டி.பி.தான் செலவாணி என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தச் செலவாணி தசைக்குள் வந்து சேரும் வழிகள் மூன்று. முதலாவது, மடியில் முடிந்து வைத்த ரொக்கம்: பாஸ்போகிரியேட்டின் என்ற அந்தச் சேமிப்பு, கேட்ட கணத்தில் கைக்கு வரும், ஆனால் முழு மூச்சாக ஓடினால் பத்து விநாடி அளவில் பெரும்பகுதி தீர்ந்துபோகும். இரண்டாவது, கடன்: பிராணவாயு வந்து சேரும் வரையில் காத்திராமல், கையிருப்பிலுள்ள கிளைக்கோஜனை அவசரமாக உடைத்துப் பெறுவது, பெருந்தொகை உடனே கிடைக்கும், ஆனால் தசையில் அமிலத்தன்மை ஏறுவது அதற்கு வட்டி. மூன்றாவது, அன்றாடக் கூலி: இருதயமும் நுரையீரலும் கொண்டுவந்து கொடுக்கும் பிராணவாயுவைக்கொண்டு மைட்டோகாண்ட்ரியா நிதானமாகச் சம்பாதிப்பது; நிமிஷத்துக்கு இவ்வளவுதான் என்ற வரம்பு உண்டு, ஆயினும் நாள் முழுதும் வந்துகொண்டேயிருக்கும்.

முப்பத்தைந்து வயதுத் தகப்பனார் பந்தைத் துரத்தும்போது அவருடைய தசை செய்வது என்ன? மடி ரொக்கத்தை இறைத்துவிட்டு, உடனே கடனுக்குக் கை நீட்டுகிறது. கேட்ட தொகையைக் கேட்ட கணத்தில் கொடுக்கும் லேவாதேவிக்காரன் அவர் தசைக்குள்ளேயே குடியிருக்கிறான். ஓட்டம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் வட்டி ஏறிக் கால் கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பட்ட கடனை அடைக்கத் திண்ணையில் உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டியிருக்கிறது. பத்து வயதுப் பையனுக்கோ அந்த லேவாதேவிக்காரன் பெருந்தொகை கொடுப்பதில்லை; கிளைக்கோஜனை அவசரமாக உடைக்கும் பாதையின் வேகத்தை நிர்ணயிக்கும் நொதி பிள்ளைகளின் தசையில் குறைவு. கடன் பிறக்காத குடும்பம் கூலியைக்கொண்டே காலந்தள்ளப் பழகுவதுபோல, அவன் தசை பிராணவாயுவின் வரவையே நம்பி நடக்கிறது. அந்த வரவும் அவனுக்குத் துரிதமாகக் கிடைக்கிறது. ஓடத் தொடங்கியதும் பிராணவாயுவை ஏற்கும் வேகம் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு விரைவில் உயருகிறது. காலியான மடியும் விரைவில் நிறைகிறது: தீர்ந்த பாஸ்போகிரியேட்டின் மீண்டும் சேர, பெரியவர்களுக்கு ஆகும் நேரத்தில் ஏறக்குறையப் பாதியே அவர்களுக்குப் போதும் என்று காந்த அதிர்வுக் கருவியால் அளந்திருக்கிறார்கள். பருவம் எய்தியதும் லேவாதேவிக்காரன் தானே வாசலுக்கு வருகிறான். பையனும் கடன் வாங்கிப் பலமாக ஓடவும், பிறகு களைக்கவும் கற்றுக்கொள்கிறான். இந்த உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது: எந்த ஊரிலும் வட்டி கடன்பட்டவனுக்கு வருமானமாவதில்லை, கிளைக்கோஜன் உடையும்போது உண்டாகித் தசையிலிருந்து கசியும் லாக்டேட்டையோ இருதயமே எரிபொருளாக ஏற்றுக்கொள்கிறது.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பையன்களின் விளையாட்டை ஒரு மாலை நேரம் உற்றுப் பார்த்தால், அது எவ்வளவு துல்லியமாக அதற்கு ஒத்து நடக்கிறது என்பது பிரத்யட்சமாகத் தெரியும். பத்து எட்டில் சுவரைத் தொட்டுத் திரும்புவான், நிற்பான், இடுப்பில் கை வைத்துக்கொண்டு தம்பியிடம் ஏதோ வாதாடுவான், "அவுட்!" என்று கத்திக்கொண்டு மறுபடி பாய்வான். 1995-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளை மூன்று விநாடிக்கு ஒரு முறை குறித்துக்கொண்டே கவனித்தபோது, அவர்களுடைய கடுமையான பாய்ச்சல்களின் இடைநிலை நீளம் வெறும் 3 விநாடியாகவும், 95 சதவீதப் பாய்ச்சல்கள் 15 விநாடிக்குட்பட்டனவாகவும் இருந்தன. அதாவது, மடி ரொக்கம் தீருமுன் நிறுத்தி, அது நிறைந்ததும் செலவழித்து, கடன் வாங்காமலே மாலைப் பொழுதைக் கழிக்கிறார்கள், ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை.

2018-இல் பிரான்சையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள், பத்து வயதை ஒட்டிய பையன்களையும், பயிற்சியில்லாத இளைஞர்களையும், நெடுந்தூரப் போட்டிகளுக்குத் தயாரான வீரர்களையும் நிலையான சைக்கிளில் ஏற்றி முழு பலத்தோடு மிதிக்கச் செய்தார்கள். முதலில் காட்டிய உச்ச பலத்தில், பயிற்சியில்லாத இளைஞர்கள் ஏறத்தாழ 52 சதவீதத்தை இழந்தார்கள். வீரர்கள் 42 சதவீதத்தை இழந்தார்கள். பையன்கள் இழந்தது 35 சதவீதமே. பிறகு நாடித்துடிப்பு தணிந்த வேகத்தில் பையன்கள் வீரர்களையும் முந்தினார்கள். பல ஆண்டுப் பயிற்சியால் வீரர் சம்பாதித்த சிக்கனத்தைப் பையன் இயல்பாகவே உடையவனாயிருக்கிறான்!

ஆனால் இந்த ஆய்வை ஒட்டிப் பத்திரிகைகள் எழுப்பிய ஆரவாரம் எனக்குச் சம்மதமில்லை. "ஒலிம்பிக் வீரனுக்கு நிகர் உங்கள் பிள்ளை" என்கிற தோரணையில் தலைப்புகள் வந்தன. ஓட்டப் பந்தயத்தில் அந்த வீரர் பையனைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. ஒரு கிலோ எடைக்கு இவ்வளவு பலம் என்று கணக்கிட்டாலும் பையனின் உச்சம் தாழ்வானதே. தாழ்ந்த உச்சத்திலிருந்து இழப்பதும் குறைவாக இருப்பதில் ஆச்சரியமில்லை. போதாததற்கு, குட்டைக் கால்களால் அதிக எட்டு வைக்கவேண்டியிருப்பதால், அதே வேகத்தில் ஓடப் பெரியவரைவிட எடைக்கு எடை அதிகச் சக்தி அவனுக்குச் செலவாகிறது. மேலும், மூன்று வகுப்பாரும் சேர்ந்து 37 பேரே. அத்தனை பேரும் ஆண்கள். பையன் களைப்பை எதிர்ப்பதில் வல்லவன் என்று மட்டும் சொன்னால் போதும்.

இந்த ஆராய்ச்சியின் சரித்திரத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்வீடனில் ஆஸ்ட்ராண்டு என்பவர் 1952-இல் குழந்தை முதல் பெரியவர் வரை பலரையும் ஓடவிட்டு அவர்களுடைய பிராணவாயு ஏற்பை அளந்தார். 1970-களின் தொடக்கத்தில் அந்நாட்டு எரிக்சன் முதலியோர் 11 முதல் 13 வயதுப் பையன்களின் தசையிலிருந்தே சிறு துணுக்கு எடுத்து மேற்சொன்ன நொதி குறைவாயிருப்பதைக் கண்டார்கள். ஆரோக்கியமான பிள்ளையின் தசையில் ஊசி குத்த இன்று எளிதில் அனுமதி கிடைக்காது. அதனால்தான் காந்தக் கருவியும் சைக்கிளும்.

இவ்வளவும் குழந்தைப் பருவத்தின் கணக்கு. ஆண்பிள்ளைக்கு மட்டும் உரியதென்று நான் சொல்லமாட்டேன். நூற்றுக்கு மேற்பட்ட ஒப்பீடுகளை 1986-இல் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் பையன்களின் அசைவு அதிகமென்று தெரிந்தது. ஆயினும் இரண்டு கூட்டமும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று கவிந்தே கிடப்பதால், பல பையன்களை ஓடித் தோற்கடிக்கும் பெண்கள் எந்தத் தெருவிலும் உண்டு. கருவிலிருக்கையில் ஆண்பால் ஹார்மோன் மிகுதியாகப் பெற்ற பெண்குழந்தைகள் பிற்காலத்தில் பையன்களின் விளையாட்டுகளை அதிகம் விரும்புவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே சுபாவத்தின் பங்கு ஓரளவு உண்டு. 'ஆம்பளைப் பிள்ளை அப்படித்தான்' என்று நாம் கொடுத்துவைக்கும் சலுகையின் பங்கும் உண்டு.

கூச்சலைப் பற்றியும் வாசகி கேட்டிருக்கிறார். பருவத்துக்கு முன் பையன் குரல்வளைக்கும் பெண் குரல்வளைக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டும் சிறியவை, ஆகவே குரல் கீச்சென்றிருக்கும். மனிதச் செவி 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மிகக் கூர்மையாக ஏற்பது. பிள்ளைகள் வீறிடும்போது எழும் ஒலியில் கணிசமான பகுதி அங்கேதான் விழுகிறது. அதன்மேல், டைல்ஸ் தரையும் பூசிய சுவர்களும் ஒலியை விழுங்காமல் திருப்பி எறிகின்றன. கூடத்தில் கனத்த ஜமுக்காளம் ஒன்றை விரித்து, ஜன்னல்களுக்குத் திரை போட்டால், பையன்கள் அடங்கமாட்டார்கள், எதிரொலி அடங்கும்.

கட்டிப் புரள்வதைக் கண்டு பயப்படவேண்டாம். விளையாட்டுச் சண்டையில் முகம் சிரிக்கும். பெரியவன் வேண்டுமென்றே கீழே விழுந்து தம்பிக்கு ஒரு முறை வெற்றியைத் தருவான். முடிந்ததும் இருவரும் பிரியாமல் அடுத்த ஆட்டத்துக்குப் போவார்கள். மெய்ச் சண்டையில் சிரிப்பு இராது. முடிந்ததும் ஒருவன் அழுதுகொண்டு விலகுவான். குறுக்கிட வேண்டியது பின்னதில்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பிள்ளைகளுக்கு வேர்வை குறைவு. எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்போ அதிகம். வெளிக்காற்று உடம்பைவிடச் சூடாயிருக்கும் நம் சித்திரை, வைகாசி வெயிலில் அவர்கள் சரீரம் வெப்பத்தை வெளியேற்றுவதற்குப் பதிலாக வாங்கிக்கொள்கிறது. தசை களைக்காதவன் வெப்பத்தால் சுருண்டு விழக்கூடும். வெயில் தாழ்ந்தபின் விளையாடவிட்டு, நடுநடுவே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். தாகம் எடுத்தால் தானே வருவான் என்று இருந்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் போகவேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன். தனக்குப் பிடித்த ஆட்டத்தில் ஒன்றிப்போய், கதை சொன்னால் வாய் பிளந்து கேட்டு, இரவில் படுத்ததும் அடித்துப் போட்டாற்போல் உறங்குகிற பையன் மாலையில் மட்டும் வீட்டை அதிர அடித்தால், அது வியாதியன்று. வீட்டிலும் பள்ளியிலும் ஒன்றுபோல, மாதக்கணக்கில், ஒன்றிலும் மனம் நிலைக்காமல் படிப்பும் நட்பும் கெடும்படி அலைபாய்கிறவனைத்தான் குழந்தைநல மருத்துவர் பார்க்கவேண்டும். வாசகியின் பிள்ளைகள் முதல் வகையென்றே கடிதத்திலிருந்து தெரிகிறது. அவர்களுக்குத் தேவை, மாலையில் ஓர் இடம்: மைதானமோ, கோயில் பிராகாரமோ, போக்குவரத்தில்லாத சந்தோ. ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான அசைவு வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை நெருங்கியதும் விளையாட்டு பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுப்பதும், வகுப்பில் நெளிந்த பையனை அந்தப் பீரியடில் உட்காரவைத்துத் தண்டிப்பதும் நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். ஓடினால் அடங்கக்கூடியவனை ஓடவிடாமல் அடக்கப் பார்ப்பது அனுபவத்துக்கும் ஒவ்வாது, சரீர சாஸ்திரத்துக்கும் ஒவ்வாது. தயவுசெய்து அந்த ஒரு பீரியடைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.