'நெக்ஸ்ற்' என்றால் யார்?

புலம்பெயர்ந்து வந்த நம்மவர் ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் முதலிற் செவிமடுக்கும் சொற்களுள் ஒன்று 'நெக்ஸ்ற்'. அலுவலகச் சாளரத்தின் பின்னிருந்து அது ஒலித்ததும் வரிசை ஓரடி நகர்கிறது. 'அடுத்தவர் வருக' என்பதே பொருளென நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். ஆயின் மருத்துவமனைப் படிவத்தில் அதே சொல் 'நெக்ஸ்ற் ஒவ் கின்' என வரும்போது பேனா நின்றுவிடுகிறது. உறவில் 'அடுத்தவர்' யார்? சிலர் அவ்விடத்தை வெறுமையாக விடுகின்றனர். சிலர் கடலுக்கப்பால் இருக்கும் தமையனின் பெயரை எழுதுகின்றனர்.

இச்சொல்லின் பிறப்பை அறிந்தால் தயக்கம் ஓரளவு தீரும். நெருங்கிய, அதனினும் நெருங்கிய, எல்லாவற்றிலும் நெருங்கிய என ஒப்பீட்டுக்கு மூன்று படிகள் உண்டு. இம்மூன்றாம் படியே 'நெக்ஸ்ற்'. பழைய ஆங்கிலத்தில் முதற்படியாக நின்ற சொல் இன்று 'நை' எனத் தேய்ந்து வழக்கருகிவிட்டது. இரண்டாம் படியே 'நியர்'. 'அதனினும் நெருங்கிய' என்ற பொருளை மக்கள் மறந்து அதனை முதற்படியாகக் கொண்டனர். பின்னர் 'நியரர்', 'நியரெஸ்ற்' எனப் புதிய படிகளை அதன்மீது கட்டினர். தன் இடத்தை இழந்த 'நெக்ஸ்ற்', இடத்தாலும் காலத்தாலும் அடுத்து வருவதைச் சுட்டும் சொல்லாயிற்று.

ஜேர்மன் மொழியில் இப்படிகள் குலையவில்லை. 'நா', 'நேஹர்', 'நேக்ஸ்ற்' என அவை இன்றும் வரிசையாக நிற்கின்றன. அம்மொழியின் விவிலியத்தில், அன்பு செய்யப்பட வேண்டிய 'பிறன்' இச்சொல்லாலேயே குறிக்கப்படுகிறான். டேனிஷ், நோர்வேஜிய மொழிகளிலும் அவ்வாறே. ஆங்கிலத்தின் 'நெய்பர்' என்பதோ, அருகு என்ற அதே அடிச்சொல்லும் உறைபவன் என்ற சொல்லும் இணைந்து பிறந்தது.

ஆக, 'நெக்ஸ்ற் ஒவ் கின்' என்பது வரிசையில் அடுத்தவரைக் கேட்கவில்லை. உறவில் மிக நெருங்கியவரையே கேட்கிறது. பழைய பொருள் சட்டத்தின் துணையால் இத்தொடரில் உயிர் பிழைத்தது. உயிலின்றி இறந்தவரின் உடைமையைப் பங்கிட 1670 இல் இங்கிலாந்து இயற்றிய சட்டம், மனைவி மக்களை முன்வைத்து, பிள்ளைகள் இல்லாவிடின் நெருங்கிய குருதி உறவினருக்கும் பங்கு வகுத்தது.

மருத்துவமனையின் தேவை வேறு. பிரித்தானியாவில் வயது வந்த நோயாளர் தாம் விரும்பும் எவரையும் இவ்விடத்திற் குறிக்கலாம். அவர் குருதி உறவாக இருக்கவேண்டியதில்லை. நண்பராகவோ அறைத்தோழராகவோ இருக்கலாம். எனினும் பெயர் எழுதப்பட்டதனால் மட்டும் நோயாளருக்காகச் சிகிச்சை முடிவெடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிட்டாது. இங்கிலாந்திலும் வேல்சிலும் அதற்கென 2005 ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டத்தின்கீழ் தனிப் பத்திரம் பதியவேண்டும். நள்ளிரவில் அழைத்தால் வரக்கூடியவர் யார் என்பதே படிவத்தின் கேள்வி. தொலைவிலுள்ள தமையனைவிட மாடிக்குடியிருப்பில் எதிர்க்கதவைத் திறப்பவர் அவ்வேளை நெருங்கியவர் ஆகலாம். இதனால் தமையனின் உறவு குறைந்துவிடாது.

இக்கருத்து நம் மொழிக்கும் புதிதன்று. 'அடுத்த' என்பது நெருங்குதலைக் குறிக்கும் 'அடு' என்ற வினையின் வழிவந்ததே. 'அண்டு' என்ற வினை இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அருகில் வாழ்பவரை அண்டை அயலார் என்கிறோம். புகலிடம் தேடி வருபவரை அண்டி வந்தவர் என்கிறோம். அயலவரும் அகதியும் ஒரே வேரில் நிற்கின்றனர். அண்டி வந்த நாம் இங்கு எவருக்கேனும் அண்டையராக முடியும். அடுத்த முறை அப்படிவம் கைக்கு வரும்போது அவ்விடத்தை வெறுமையாக விடாதிருப்போம்; நம் பெயரைத் தம் படிவத்தில் எழுதலாமா என எவரேனும் கேட்பின், மறுக்காமலும் இருப்போம்.