மீசைக்காரக் கெண்டையும் முடி கட்டிய தூண்டிலும்

இங்கிலாந்தில் கோடை விடுமுறைக்கு நண்பர்கள் நாலைந்து பேர் ஒன்றுகூடினால், ஒரு நாளை ஏரிக்கரைக்கென்று ஒதுக்கிக் கெண்டைப் போட்டி வைத்துக்கொள்வது வழக்கம். பரிசென்று பெரிதாக ஒன்றும் இருக்காது. தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்கு இரவுச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் சரி. ஆனால் விதிகள் கறாரானவை. கரையில் உட்காரும் இடங்களுக்கு எண் போட்டிருக்கும். யாருக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்குவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூண்டில் போட வேண்டும், ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். பிடித்த மீனை உயிரோடு எடைபோட்டு அதே ஏரியில் விட வேண்டும். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி.

ஒரே ஏரி, ஒரே மீன், ஏறக்குறைய ஒரே இரை. அப்படியிருக்க, ஒருவர் வரிசையாக மீன் எடுக்கிறார். இருபது கெஜம் தள்ளி உட்கார்ந்தவரின் மிதவை அசையக்கூட இல்லை. அதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. காற்றும் தண்ணீரும், கெண்டையின் காதும் தொண்டையும், எல்லாவற்றுக்கும் மேல் அதன் ஞாபகமும் சேர்ந்து, மிதவை ஆடுவதற்கு முன்பே பாதிப் போட்டியை முடித்துவிடுகின்றன.

நாம் பேசுவது சாதாக் கெண்டையைப் பற்றி. சைப்ரினஸ் கார்பியோ என்பது அதன் அறிவியல் பெயர். இங்கிலாந்துக்கு அது வந்தேறி மீன். இடைக்காலத்தில் குளங்களில் வளர்த்து உண்பதற்காகக் கொண்டுவரப்பட்டது. உடம்பில் அங்கங்கே மட்டும் பெரிய பெரிய செதில்கள் கொண்ட கண்ணாடிக் கெண்டையும் இதே இனந்தான். ஊட்டிப் பக்கம் போனவர்கள் அதைப் பார்த்திருக்கலாம்: 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

முதலில் காற்று. அனுபவசாலி ஏரிக்கு வந்ததும் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன் காற்று எந்தக் கரையை நோக்கி அடிக்கிறது என்று பார்ப்பார். வெயிலில் சூடான மேல்தண்ணீரைக் காற்று அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. மிதக்கும் பூச்சிகளும் கூடவே போகின்றன. அங்கே அலை மோதுவதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் தண்ணீரில் நன்றாகக் கரைகிறது. கோடையில் இது பெரிய விஷயம். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருக்கும். 20 டிகிரியில் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் ஏழரைதான். கெண்டையோ குளிர்ரத்தப் பிராணி. தண்ணீர் சூடேறச் சூடேற அதன் உடலின் வேகம் கூடுகிறது, பசியும் கூடுகிறது. தேவை ஏறும்போது இருப்பு இறங்குகிறது. அதனால் ஆக்சிஜன் எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம் மீன் நகர்கிறது. சீட்டில் அந்தக் கரை விழுந்தவர் அன்றைக்கு யோகக்காரர்.

அடுத்தது ஓசை. கரையில் பேசினால் மீன் ஓடிவிடும் என்று அதட்டும் பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. காற்றில் வரும் ஒலியில் மிகப் பெரும்பகுதி நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. ஆகவே நண்பர்கள் பேசிக்கொண்டிருப்பதில் பெரிய கெடுதல் இல்லை. பயப்பட வேண்டியது காலடிக்குத்தான். தரையில் தொம்மென்று வைத்த பெட்டி, பலகைத் தளத்தில் நடக்கும் பூட்ஸ் இவற்றின் அதிர்வு நேராகத் தண்ணீருக்குள் இறங்கி, நொடிக்கு ஏறத்தாழ 1,480 மீட்டர் வேகத்தில் பரவுகிறது. கேட்பதற்குக் கெண்டையிடம் ஓர் அருமையான ஏற்பாடும் இருக்கிறது. அதன் வயிற்றிலுள்ள காற்றுப்பையையும் உட்செவியையும் சின்னஞ்சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று இணைக்கிறது. ஜெர்மானிய உடற்கூறியலாளர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபர் 1820-இல் இதை விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். காற்றுப்பை ஒலியில் அதிர்கிறது, எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்துகின்றன. சால்மனுக்குச் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. கெண்டைக்கு 3,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்.

வாய்தான் இந்த மீனின் உண்மையான அதிசயம். உதட்டோரம் இரண்டு ஜோடி மீசைகள், அவை நிறையச் சுவை மொட்டுகள். தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. அடிச்சேற்றில் முகத்தைச் செருகி, உதடுகளைக் குழாய்போல நீட்டி, சேறும் கல்லும் இரையுமாக ஒரே உறிஞ்சில் உள்ளே இழுக்கிறது. பிறகு எப்படிப் பிரிக்கிறது? நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர்கள் 1980-களில் தின்னும் கெண்டையை எக்ஸ்ரே படச்சுருளில் பிடித்துப் பார்த்தார்கள். வாயின் மேற்கூரையில் தசையாலான மெத்தை ஒன்று இருக்கிறது. அதிலும் சுவை மொட்டுகள் நெருக்கமாக இருக்கின்றன. தின்னத் தக்க துணுக்கு எங்கே கிடக்கிறதோ, அந்த இடத்தில் மட்டும் மெத்தை கீழே புடைத்து அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. மற்ற சேறெல்லாம் தண்ணீரோடு செவுள் வழியாகவும் வாய் வழியாகவும் வெளியேறிவிடுகிறது. மிஞ்சிய இரை தொண்டைக்குப் போகிறது. அங்கே இருக்கின்றன பற்கள், கடைவாய்ப் பல் போலத் தட்டையாக. மண்டையோட்டின் அடியிலுள்ள கெட்டியான அரைகல்லில் வைத்து நத்தை ஓட்டைக்கூட நொறுக்கிவிடும். இரைப்பை என்று ஒன்று இல்லாததால் ஒரேயடியாகத் தின்று நிரப்பிக்கொள்ளவும் அதனால் முடியாது. போட்டியில் மக்காச்சோள மணிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தூவுபவருக்கு மீன் அதிகம் விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இப்படி உறிஞ்சிச் சுவைத்துத் துப்பும் மீனைத் தூண்டிலில் பிடிப்பது லேசல்ல. பெரிய கெண்டை யாருக்கும் மாட்டாது என்றே இங்கிலாந்தில் நெடுங்காலம் நம்பினார்கள். 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்ற பொறியாளர் ஹெர்ஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ, எடையுள்ள கெண்டையைப் பிடித்து அந்த நம்பிக்கையை உடைத்தார். மீனை லண்டன் விலங்குக் காட்சிச்சாலைக்குக் கொடுத்தார். அங்கே கிளாரிசா என்ற பெயரில் அது பல ஆண்டுகள் வாழ்ந்தது.

அடுத்த திருப்பம் 1970-களின் இறுதியில் வந்தது. லென்னி மிடில்டன், கெவின் மேடக்ஸ் என்ற இரு தூண்டில்காரர்கள் கண்ணாடித் தொட்டியில் கெண்டைகளை வைத்து, முள்ளில் கோத்த இரையை அவை என்ன செய்கின்றன என்று உற்றுப் பார்த்தார்கள். தளர்வாகக் கிடக்கும் இரையைத் தயங்காமல் தின்னும் மீன், முள்ளும் நரம்பும் சேர்ந்த இரையைச் சந்தேகத்தோடு ஊதித் தள்ளியது. அவர்கள் முள்ளை வெறுமையாக விட்டு, அதன் அடியில் ஒரு தலைமுடியைக் கட்டி, இரையை அந்த முடியில் தொங்கவிட்டார்கள். இரை இயல்பாக வாய்க்குள் போகிறது, முள் பின்தொடர்கிறது. மீன் துப்பும்போது இரை வெளியே வந்துவிடும், வெறும் முள் கீழுதட்டில் குத்திக்கொள்ளும். இன்று முடிக்குப் பதில் மெல்லிய நூல். ஆனால் மீனின் துப்பும் பழக்கத்தையே பிடிக்கும் வழியாக மாற்றிய யோசனை அப்படியே இருக்கிறது. தூண்டில் வரலாற்றில் இதைவிடக் கூர்மையான அவதானிப்பை நான் அறியேன்.

மீனும் பதிலுக்குக் கற்றுக்கொள்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பியூகெமா என்ற ஆய்வாளர், குளங்களில் கெண்டைகளைத் தூண்டிலால் பிடித்து, விட்டு, மறுபடி பிடிக்க முயன்று 1970-இல் முடிவுகளை வெளியிட்டார். ஒரே ஒரு தடவை முள் குத்திய மீன்கள்கூட அதற்குப் பிறகு வெகு அரிதாகவே மாட்டின. ஓராண்டு கழிந்தும் அந்த எச்சரிக்கை முழுதாக மறையவில்லை. மீனுக்கு ஞாபகமே கிடையாது என்ற பேச்சை இனி யாரும் பேசக் கூடாது.

ஆனால் எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. பீட்டர்பரோ அருகே புளூபெல் ஏரிகளில் வாழ்ந்து 2009-இல் இறந்த பென்சன் என்ற பெருங்கெண்டை அறுபது தடவைக்கு மேல் பிடிபட்டது. இரண்டும் முரண் என்று நான் எண்ணவில்லை. எல்லா மீனும் ஒரே அளவு எச்சரிக்கையாக இருப்பதில்லை. தவிரவும், தூண்டில்காரர்கள் கொட்டும் இரையே முக்கிய உணவாகிவிட்ட ஏரியில் பெரிய உடம்பை வளர்க்கும் மீனுக்கு அதை ஒதுக்கிவிட்டு வாழ்வது கடினம். வாரந்தோறும் போட்டி நடக்கும் ஏரியில் உள்ள கெண்டைகள் பழகிய ஆட்டக்காரர்கள். பக்கத்தில் உள்ளவர் போடும் இரையையே, அதே இடத்தில், அதே விதமாகப் போடுபவர் அவற்றுக்குத் தெரிந்த பாடத்தைத்தான் திரும்ப நடத்துகிறார். நாணல் ஓரத்தில், யாரும் போடாத முழங்கால் ஆழத்தில் ஒற்றைச் சோளமணியை இறக்குபவருக்கு வாய்ப்பு கூடுதல்.

இந்த மீன்கள் திரும்பப் போய் வாழ வேண்டியவை என்பதால் அவற்றைக் கையாளும் முறையில் சமரசம் கூடாது. பின்கூர் இல்லாத முள், ஈரக் கை, நனைத்த நுரைமெத்தை இவை அவசியம். காய்ந்த கை பட்டால் நோயைத் தடுக்கும் வழவழப்புப் படலம் உரிந்துவிடும். எடைபோடும்வரை மீனை வைத்திருக்கும் வலைக்கூட்டில் நெரிசலும் கூடாது. கடும் வெயில் காலத்தில் அந்தக் கூட்டையே தவிர்த்து, ஒவ்வொரு மீனையும் பிடித்த உடனே நிறுத்துக் குறித்துக்கொண்டு விடுவது நல்லது.

காற்றே இல்லாத புழுக்கமான இரவுகள்தான் மிக ஆபத்தானவை. பகலில் ஆக்சிஜன் தரும் பாசியும் நீர்ச்செடிகளும் இரவெல்லாம் அதை உட்கொள்கின்றன. விடியற்காலையில் இருப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த வேளையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது பசியல்ல, மூச்சுத் திணறல். அன்றைக்குத் தூண்டில்களைச் சுருட்டிவிட்டு, ஏரிக்காரரிடம் சொல்லிக் காற்றூட்டும் பம்பை ஓடவிட வேண்டும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமைக்கும் தொலைபேசியில் தகவல் சொல்ல வேண்டும்.