பெட்டி அடைக்கும் விரலும் மரத்துப்போன பாதமும்

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் காலம் கழித்த பெண்களிடம் கேட்டால், வலி கட்டைவிரலின் அடியில்தான் தொடங்கியது என்பார்கள். பெட்டியில் குச்சி அடைக்கும்போது அந்த விரலும் ஆள்காட்டி விரலும் நாள் முழுக்க ஒரே அசைவைத்தான் செய்கின்றன. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை நிற்பதில்லை. சீசன் வந்தால் அதே கைதான் உளுந்து நெற்றுப் பறிக்கிறது, பருத்தி எடுக்கிறது, மக்காச்சோளக் கதிர் உரிக்கிறது.

ராத்திரி மதமதப்பு தூக்கத்தைக் கலைக்கும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் கொஞ்சம் தேவலை. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலில் இது வந்தால், மணிக்கட்டு வழியாகப் போகும் நரம்பு நெருக்கப்படுகிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். தைலம் தேய்த்துக்கொண்டு படுப்பதோடு விடாமல், கைக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும்.

இந்த நரம்பு நெருக்கத்துக்கு யோகா உதவுமா என்று அமெரிக்காவில் 42 பேரிடம் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் இரண்டு வகுப்பு, மொத்தம் எட்டு வாரம். யோகா செய்தவர்களுக்கு வலி குறைந்தது, பிடிமானம் கூடியது. மணிக்கட்டுப் பட்டை மட்டும் கொடுக்கப்பட்டவர்களுக்கு அந்த அளவு முன்னேற்றம் இல்லை. அதற்கு முன் 1994இல், கை மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களிடம் செய்த ஆய்விலும் விரல் வலி தணிந்து அசைவு கூடியது. செலவில்லாத வைத்தியம் இது. நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, உள்ளங்கைகளை அழுத்தியபடி மணிக்கட்டை மெல்லக் கீழே இறக்குங்கள். பிறகு விரல்களை இறுக்கி மூடி, அகல விரியுங்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் திண்ணையிலேயே செய்யலாம்.

அக்குபிரஷரில், பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரும் சதைமேட்டை மறுகையால் பிடித்து, மூச்சை விட்டபடி ஒரு நிமிடம் அழுத்துவார்கள். கர்ப்பிணிகள் இந்த இடத்தைத் தொட வேண்டாம் என்பது அந்த வைத்தியத்தின் பழைய விதி. குறிப்பிட்ட புள்ளிக்குத் தனிச் சக்தி இருப்பதாக நிரூபணம் இல்லை என்று அலோபதி மருத்துவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். வர்மத் தடவலில் வலி இறங்கிய அனுபவம் தெற்குச் சீமையில் எத்தனையோ குடும்பங்களுக்கு உண்டு. காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்து, வீங்கியும் இருந்தால் மட்டும் முதலில் ரத்தப் பரிசோதனை.

கால்விரலுக்கும் இதே மாதிரிப் பயிற்சி உண்டு. கைவிரல்களைக் கால்விரல் இடுக்கில் கோத்து, பாதத்தைச் சுழற்றினால் போதும். ஆனால் காலைப் பற்றி எழுதும்போது எனக்குப் பயம் வந்துவிடுகிறது. காரணம், சர்க்கரை. அது பாத நரம்பைக் கெடுக்கும்போது முதலில் எரிச்சல், குத்தல். அப்புறம் உணர்வே போய்விடும். வலி நின்றதும் குணமாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். கரிசலில் வெறுங்காலோடு நடப்பவருக்கு வேலிக்கருவை முள் தைத்தது தெரியாது. புண் புரையோடி வாடை வந்த பிறகுதான் வீட்டில் பார்ப்பார்கள். அதற்குள் ஒரு விரலை எடுக்க வேண்டிய நிலை வந்துவிடலாம். இப்படிப்பட்ட காலுக்குத்தான், முள்முள்ளாய்ப் புடைத்த அக்குபிரஷர் செருப்பைத் திருவிழாக் கடையில் வாங்கிப் பிள்ளைகள் அன்பாகக் கொடுக்கிறார்கள். உணர்வில்லாத பாதத்தில் அந்தக் குமிழ் கொப்புளம் போட்டாலும் தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான்.

அந்தச் செருப்பை வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவானது, கருவி வேண்டாம். அப்பாவையோ அம்மாவையோ கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் விரலால் பூப்போல ஓரிரு நொடி தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறு தொடுதலில் இரண்டு தெரியவில்லை என்றாலே அழுத்துவதை நிறுத்திவிட்டு, செருப்புக் கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.