187-ஆவது மணி

பாம்போடு சண்டை போடும் கீரி, கடிபட்டால் புதருக்குள் ஓடி ஒரு பச்சிலையைத் தின்றுவிட்டு மறுபடி வந்து மோதும் என்பார்கள். அந்த நம்பிக்கையில் ஒரு செடிக்குக் கீரிப்பூண்டு என்றே பெயர் வைத்துவிட்டோம். பாம்பு கடித்தவருக்கு அதன் வேரை அரைத்துக் கொடுத்து நேரத்தைக் கடத்துவது உயிரை வாங்கும் காரியம். கீரி எந்தப் பச்சிலையையும் தேடி ஓடுவதில்லை. அதைக் காப்பது அதன் தசையிலேயே இருக்கிறது.

நல்ல பாம்பின் விஷம் என்ன செய்கிறது? கையை மடக்க நினைக்கிறோம். நரம்பு நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையின் மேலுள்ள ஏற்பியில் போய் உட்காருகிறது, தசை சுருங்குகிறது. விஷத்திலுள்ள நரம்பு நஞ்சு அதே ஏற்பியில் முந்திக்கொண்டு ஒட்டிக்கொள்ளும், லேசில் விடாது. நரம்பு கட்டளை அனுப்பிக்கொண்டே இருந்தாலும் தசைக்குப் போய்ச் சேராது. கடிபட்டவருக்கு முதலில் இமை தொங்கும். பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் உதரவிதானம் ஓயும். நினைவு தப்பாமலே மூச்சு நின்றுபோகும் கொடுமை அது.

இந்த ஏற்பி ஒரு புரதம். அமினோ அமிலங்களை மணிகளாகக் கோத்த சரம். நஞ்சு பிடித்துக்கொள்ளும் இடம், அந்தச் சரத்தில் ஏறக்குறைய 185-லிருந்து 200 வரையுள்ள சிறு துண்டு. 1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸ் குழுவினர், கீரியிடம் இந்தத் துண்டு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். சில மணிகள்தான் மாறியிருந்தன. 187-ஆவது இடத்தில் ஆஸ்பரஜின். அதில் ஒரு சர்க்கரைச் சங்கிலி தொற்றிக்கொண்டு புடைத்து நிற்கிறது. பருத்த நஞ்சு மூலக்கூறால் அதைத் தாண்டி நெருங்க முடியவில்லை. அசிட்டைல்கோலின் மிகச் சிறியது, வழக்கம்போல் வந்து போகிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். கீரி விரும்பி மாற்றிக்கொண்டதல்ல இது. எத்தனையோ தலைமுறைகளில், தற்செயலாக இப்படிப் பிறந்தவை கடிபட்டும் பிழைத்துக் குட்டி போட்டன. ஆனால் ஏற்பி கண்டபடி மாறினால் தசை இயங்காது. அந்தக் குட்டி பிழைக்கவே பிழைக்காது. நஞ்சை விலக்க வேண்டும், அசிட்டைல்கோலினை விடவும் வேண்டும். அதற்கு வழிகள் மிகக் குறைவு. அதனால்தான் நெருங்கிய உறவில்லாத விலங்குகளும் அதே இடத்துக்கு வந்து சேர்கின்றன. 2015-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேனியெல் டிராபெக்கும் சக ஆய்வாளர்களும் ஹனி பேட்ஜர், முள்ளெலி, பன்றி ஆகியவற்றில் தேடியபோது, மூன்றிலும் அதே 187-இல் ஆர்ஜினைன் இருந்தது. ஆர்ஜினைனுக்கு நேர்மின்னூட்டம், நஞ்சு வந்து ஒட்டும் முனைக்கும் நேர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிவிடும். நல்ல பாம்புக்கும் 189-இல் கீரியைப் போலவே ஒரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. தன் நஞ்சு தன் தசையைக் கட்டிப்போடாதது அதனால்தான்.

இத்தனை இருந்தும் கீரி சாகாவரம் பெற்றதல்ல. ஓங்கிக் கடிபட்டு நிறைய விஷம் இறங்கினால் ஆபத்துதான். அதன் வேகமும் பாதுகாப்பில் பாதி. கண்ணாடி விரியன் விஷமோ ரத்தத்தையும் ரத்தக்குழாய்களையும் தாக்குவது. அங்கே 187-ஆவது மணியால் பயனில்லை. அதற்கென்று கீரியின் ரத்தத்திலேயே வேறு சில புரதங்கள் சுற்றி வருகின்றன. ரத்தக்கசிவை உண்டாக்கும் நொதிகளைப் பிடித்து அவை முடக்கிவிடும். அவற்றைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)