பெரிய வரிமீனுக்கு உயிர் இரை பிடித்தல்

அமெரிக்காவில் தென் காரோலினா ராஜ்யத்தின் சான்டீ ஆறு 1941-ம் வருஷத்தில் அணையால் அடைக்கப்பட்டது. முட்டையிடக் கடலினின்று ஆறேறும் ஸ்டிரைப்டு பாஸ் என்னும் வரிமீன் அந்நீர்த்தேக்கத்தில் நன்னீரிலேயே பெருகலாயிற்று. 40 ராத்தலுக்கு மேலும் வளரக்கூடிய இம்மீனுக்கு ஷாட், ஹெர்ரிங் என்னும் சிறுமீன்களை உயிருடன் தூண்டிலிற் கோப்பர்.

விடியற்காலையில் ஷாட் மீன் ஆழமற்ற ஓடைமுகங்களிற் கூட்டமாய் மேயும். ஜலத்தின்மேல் சலனம் தோன்றுமிடத்தில், நம் நாட்டு வீச்சுவலை போன்றதை வட்டமாய் விரியும்படி எறிதல் வேண்டும். வலைக்கண் பெரிதாயின் மீன் செவுளில் மாட்டி மாளும். ஈயக்குண்டு போதாதாயின் வலை தாழுமுன் கூட்டம் தப்பிவிடும். ஹெர்ரிங் மீனை இரவில் விளக்கொளி காட்டி வரவழைப்பர்.

பிடிப்பதினும் காப்பதே கடினம். இவற்றின் செதில் எளிதில் உதிரும். பிராணவாயுவும் மிகுதியாக வேண்டும். மூலையுள்ள தொட்டியில் ஒதுங்கி நெருங்கி மூக்கு அடிபட்டுச் சாகுமாதலால் வட்டத்தொட்டியே உகந்தது. அதிலுள்ள ஜலம் குளிர்ந்ததாயும், குளோரின் சேராததாயும், இடைவிடாது காற்றூட்டப்பட்டதாயும் இருத்தல் அவசியம். சிறிது கல்லுப்பு இடுவது நலம்.

மீந்த இரையை வேறு நீர்நிலையில் விடலாகாது. நீலமுதுகு ஹெர்ரிங் இவ்விதம் புதிய தேக்கங்களுட் புகுந்து, பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்று கேடு விளைத்துள்ளது. ஒரு நாள் வேட்டையின் பொருட்டு ஓர் ஏரியின் மீன்வளம் அழிய இடங்கொடாமல், பிடித்த நீரிலேயே இரையை உபயோகிப்பது உத்தமம்.