சின்ன ஸ்டெப்னி, நிதான வேகம்

உங்கள் காரின் டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிட ஒல்லியாக இருக்கிறதா? அப்படியென்றால் அது தற்காலிக டயர். பஞ்சர் கடை வரை போய்ச் சேரத்தான் அது. ஊர் பயணம் முழுக்க ஓட்ட அல்ல.

இந்த வகை டயர்களில் பெரும்பாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் என்ற உச்ச வேகம் எழுதியிருக்கும். நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தாலும் அதைத் தாண்டாதீர்கள். தரையைப் பிடிக்கும் பரப்பு குறைவு என்பதால் பிரேக் பிடித்தால் கார் நிற்கக் கூடுதல் தூரம் ஆகும். மழையில் இன்னும் கவனம் தேவை.

முன் சக்கரங்கள் இழுக்கும் கார்களில், முன் டயர் பஞ்சரானால் ஸ்டெப்னியை அங்கே மாட்டாமல் இருப்பதே நல்லது. பின்னாலிருந்து ஒரு நல்ல டயரை முன்னே கொண்டுவந்து, ஸ்டெப்னியைப் பின்னே போடுங்கள். வேலை இரட்டிப்புதான். ஆனால் அளவு மாறிய இரு சக்கரங்கள் முன்னே சுழன்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும், டிஃபரன்ஷியலும் ஓயாமல் உழைத்துச் சூடேறும்.

பலரும் மறப்பது காற்று. சாதாரண டயருக்கு 30, 35 பி.எஸ்.ஐ. போதும், இந்த ஒல்லி டயர்களில் பலவற்றுக்கு 60 வேண்டும். சரியான அளவு டயரின் பக்கவாட்டிலோ கார் கையேட்டிலோ இருக்கும். அடுத்த முறை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும்போது, டிக்கியைத் திறந்து இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.